ஹைட்டி ஓவியம் 1944-இல்தான் பிறந்ததா?

தூரிகைமணி:
ஹைட்டி ஓவியங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். டுவிட் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க நீர்வண்ண ஓவியர், உலகப் போர் நடந்த காலத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க, கரீபியன் நாடான ஹைட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரான்சுக்கு வந்தார். அங்கே ஓவியக்கூடமும் இல்லை, ஓவியப் பள்ளியும் இல்லை. உள்ளூர் எழுத்தாளர்கள் சிலரோடு சேர்ந்து 1944 மே 14 அன்று கலை மையம் ஒன்றைத் திறந்தார். அப்புறம் மேதைகள் மளமளவென்று முளைத்தார்கள். கதை இவ்வளவுதான்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் எங்கேயோ இடிக்கிறது. அந்த மையத்தின் இரண்டு பெரிய பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிலோமே ஒபேன் பிறந்தது 1892. எக்டோர் இப்பொலித் பிறந்தது 1894. மையம் திறந்தபோது இருவருக்குமே ஏறக்குறைய ஐம்பது வயது. அதுவரை கையைக் கட்டிக்கொண்டா உட்கார்ந்திருந்தார்கள்? ஹைட்டி வரலாறு படித்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். கொஞ்சம் சொல்லுங்கள்.

பழையதாள்:
ஒபேன் விஷயத்தில் பதில் எளிது. அவர் 1908-லேயே வரையத் தொடங்கிவிட்டார். வடக்கே காப்-ஆயிசியன் நகரத்துக்காரர். தலைநகரில் மையம் திறந்த செய்தி எட்டியதும், தான் வரைந்த படம் ஒன்றைத் தானே அனுப்பிவைத்தார். 1934-இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் காப்-ஆயிசியனுக்கு வந்து இறங்கிய காட்சி அது. ஆக, மையம் அவரைத் தேடிப் போகவில்லை, அவர்தான் மையத்தைத் தேடி வந்தார்.

இன்னும் பின்னால் போகலாம். வடக்கே மன்னராக இருந்த ஆன்றி கிறிஸ்தோஃப் தன் சான்-சூசி அரண்மனையில் ஓவியக் கல்வி நடத்த ரிச்சர்ட் எவன்ஸ் என்ற ஆங்கிலேய ஓவியரை வரவழைத்தார். 1816-ஐ ஒட்டி எவன்ஸ் வரைந்த மன்னரின் உருவப்படம் இன்றும் இருக்கிறது. பச்சை மேலங்கி, பின்னால் திரண்டு வரும் மேகம், கையில் ஊன்றுகோல். ஐரோப்பிய அரசர் எவருடைய படத்துக்கும் குறையாத தோரணை. அந்தப் படத்துக்குப் பின் நூறாண்டு கழித்து வந்தவர் ‘இங்கே ஓவியமே இல்லை’ என்றால் என்ன சொல்வது?

நெல்லைக்குமார்:
ஒரு நிமிஷம். ஹைட்டியில் மன்னரா? அடிமைகள் புரட்சி செய்து குடியரசு அமைத்த நாடு என்றுதானே பள்ளியில் படித்தோம்? சரியாகச் சொன்னால் பள்ளியில் அதைக்கூடப் படிக்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சி ஐந்து மதிப்பெண், ஹைட்டி பூஜ்யம்.

பழையதாள்:
குமார், ஓட்டமாகச் சொல்கிறேன். ஓவியங்களைப் புரிந்துகொள்ளவும் இது தேவைப்படும்.

1697 ஒப்பந்தத்தில் தீவின் மேற்கு மூன்றிலொரு பங்கு பிரான்சுக்குப் போனது. பெயர் சான்-தொமேங்க். சர்க்கரை, காப்பி, அவுரி. 1789 வாக்கில் அங்கே ஏறக்குறைய ஐந்து லட்சம் அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். ஏனென்றால் கரும்புத் தோட்டத்தில் ஆட்கள் சீக்கிரம் செத்துப்போனார்கள், முதலாளிகள் புதிதாக வாங்கிக்கொண்டே இருந்தார்கள். 1791 ஆகஸ்டில் வடக்குச் சமவெளி தீப்பற்றியது. 1794 பிப்ரவரி 4 அன்று பாரிஸ் மன்றம் அடிமைமுறையை ஒழித்ததாக அறிவித்தது. அது பாரிஸின் பெருந்தன்மை என்று நினைக்கவேண்டாம். தீவில் ஏற்கெனவே நடந்து முடிந்ததற்குக் கையெழுத்துப் போட்டார்கள், அவ்வளவே.

நெப்போலியன் அதைத் திருப்ப நினைத்து 1801 கடைசியில் தன் தங்கை கணவன் லெக்லேர் தலைமையில் பெரும்படை அனுப்பினார். தலைவர் தூசேன் லூவெர்த்யூரைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்துப் பிடித்து, பிரான்சின் மலைக்கோட்டை ஒன்றில் அடைத்தார்கள். 1803 ஏப்ரல் 7 அன்று அங்கே இறந்தார். ஆனால் பிரெஞ்சுப் படையை மஞ்சள் காய்ச்சலும், தூசேனுக்குப் பின் தலைமையேற்ற தெஸ்ஸலினின் வீரர்களும் சேர்ந்து முடித்துவைத்தார்கள். 1803 நவம்பர் 18, வெர்த்தியேர் போர். 1804 ஜனவரி 1, கொனாய்வ் நகரில் விடுதலை அறிவிப்பு.

1806-இல் தெஸ்ஸலின் கொல்லப்பட்டதும் நாடு இரண்டானது. தெற்கே பெத்தியோன் தலைமையில் குடியரசு. வடக்கே கிறிஸ்தோஃப், 1811 முதல் மன்னர். சித்தாடல் என்ற அந்த மாபெரும் மலைக்கோட்டையைக் கட்டியவர் அவர்தான். 900 மீட்டருக்கு மேல் உயரமுள்ள மலையுச்சியில் கல்லும் பீரங்கியும் ஆட்கள் சுமந்தே ஏறின. பிரெஞ்சுக்காரன் திரும்பி வருவான் என்ற பயம். வரவே இல்லை. நேற்றுவரை அடிமையாக இருந்தவர்களைக் கட்டாய வேலை வாங்கித்தான் கட்டினார் என்பதையும் மறக்கக் கூடாது. ஹைட்டியில் இன்றும் அவரைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் உண்டு. 1820-இல் பக்கவாதம், கலகம் இரண்டும் சேர்ந்து வர, தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். 1842 நிலநடுக்கத்தில் சான்-சூசி இடிந்தது. கோட்டை நின்றது. 1982-இல் இரண்டும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

வழிப்போக்கன்:
நஷ்டஈட்டை விட்டுவிட்டீர்களே. 1825-இல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் 14 போர்க்கப்பல்களை அனுப்பி, ‘உங்கள் சுதந்திரத்தை ஒப்புக்கொள்கிறோம், 15 கோடி பிராங்க் கொடுங்கள்’ என்றார். யாருக்கு நஷ்டஈடு? அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு! முதல் தவணை 3 கோடி. கையில் பணம் இல்லை, ஆகவே பாரிஸ் வங்கியிலேயே கடன் வாங்கு என்றார்கள். வங்கி தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டு 2 கோடி 40 லட்சம்தான் கொடுத்தது. 1838-இல் மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். கடனைக் கட்டக் கடன், அந்தக் கடனைக் கட்ட இன்னொரு கடன் என்று 1947 வரை இழுத்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாடு ஏழையாக இருந்ததால் ஓவியப் பள்ளி இல்லை. ஏன் ஏழையானது என்று கேட்காமல் ‘அந்த மக்களுக்குக் கலை தெரியாது’ என்று எழுதுவது அநியாயம்.

மொன்றியல்வாசி:
நான் இருக்கும் மொன்றியலில் ஹைட்டியர்கள் மிக அதிகம். எங்கள் கட்டடத்திலேயே மூன்று குடும்பம். ஜனவரி முதலாம் திகதி காலையில் மேல்மாடி அம்மா ஒரு பெரிய கிண்ணத்தில் சூப் கொண்டுவந்து தருவா. மஞ்சள் பூசணி, மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, கோவா (முட்டைக்கோஸ்), மக்கரோனி, காரமான மிளகாய். இறைச்சியைத் தேசிக்காய்ப் புளியில் முதல்நாளே ஊறவைப்பார்களாம். குடித்தால் மத்தியானம் சோறு தேவைப்படாது. அப்படிக் கனதி.

‘சூப் ஜுமு’ என்று பெயர். பூசணியை நட்டுத் தண்ணீர் விட்டு வளர்த்தவர்களும் அடிமைகள், சமைத்தவர்களும் அடிமைகள். ஆனால் குடிக்க உரிமை முதலாளிக்கு மட்டும். விடுதலை நாளன்று எல்லாரும் அதையே காய்ச்சிக் குடித்தார்கள் என்று அந்த அம்மா சொல்லுவா. 2021 டிசம்பரில் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபாகப் பதிந்தபோது கட்டடம் முழுக்கச் சத்தம். ஹைட்டியின் முதல் பதிவு அதுதான். ஓவியத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று மணி அண்ணர் ஏசக்கூடும். அந்த அம்மாவின் வரவேற்பறையில் சந்தைக் காட்சி ஓவியங்கள் தொங்குகின்றன. எல்லாவற்றிலும் பூசணிக்காய் இருக்கிறது, அவ்வளவுதான்.

நெல்லைக்குமார்:
வரலாறு புரிந்தது. இன்னொன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். நான் இணையத்தில் பார்த்த ஹைட்டி ஓவியங்களில் பாதிக்கு மேல் பாம்பு, எலும்புக்கூடு, சவப்பெட்டி. இதெல்லாம் சூனியம் இல்லையா? வூடூ என்றால் பொம்மையில் ஊசி குத்துவதுதானே?

தூரிகைமணி:
ஊசி குத்திய பொம்மையை ஹாலிவுட்டிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் குமார். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபோன் மக்களும் மத்திய ஆப்பிரிக்காவின் கொங்கோ மக்களும் கொண்டுவந்த வழிபாடுகள் தோட்டங்களில் ஒன்று கலந்து, மேலே கத்தோலிக்கப் பூச்சும் சேர்ந்து உருவான மதம் அது. எல்லாவற்றுக்கும் மேலே ‘போந்யே’ என்ற கடவுள். அவர் தூரத்தில் இருப்பவர். அன்றாடக் கஷ்டத்துக்கு அணுகுவது ‘ல்வா’ என்ற தெய்வங்களை. வாசலைத் திறந்துவிடும் லெக்பா, கடலுக்கு அக்வே, இரும்புக்கும் போருக்கும் ஓகு, கல்லறைக்கு பாரோன் சம்தி. நீங்கள் பார்த்த எலும்புக்கூடும் சவப்பெட்டியும் இந்தக் கடைசி ஆளுடையது. தொப்பியும் கறுப்புக் கோட்டும் போட்டு, பச்சையாக ஜோக்கடிக்கும் தெய்வம். பாம்பு தம்பலா. பாம்புகளோடு நிற்கும் புனித பாட்ரிக் படத்தை வாங்கிவந்து ‘இவர்தான் தம்பலா’ என்று மாட்டிவிட்டார்கள். கன்னத்தில் தழும்புள்ள எசிலி தந்தோருக்கு, போலந்து நாட்டின் கறுப்பு மாதா படம். நெப்போலியன் அனுப்பிய போலந்து வீரர்களில் சிலர் ஹைட்டியர்கள் பக்கம் சாய்ந்து அங்கேயே தங்கினார்கள், அவர்கள் வழியாக வந்த படம் என்று சொல்வதுண்டு.

சடங்கு நடக்கும்போது தரையில் மக்காச்சோள மாவால் அந்தந்தத் தெய்வத்துக்குரிய சித்திரம் வரைவார்கள். ‘வேவே’ என்று பெயர். பூசாரி விரலிடுக்கில் மாவை ஒழுகவிட்டுக்கொண்டே போவார். வரைந்து முடித்ததும் அதன்மேல்தான் ஆட்டம். விடிவதற்குள் அழிந்துவிடும். கோயில் சுவர்களிலும் ஓவியம் உண்டு, மணி கோத்த துணிக்கொடிகளும் உண்டு.

இப்போது என் முதல் கேள்விக்கு வருகிறேன். 1935-இல் ‘மூடநம்பிக்கைப் பழக்கங்களை’ தடைசெய்து சட்டம் போட்டார்கள். 1941-42-இல் அதிபர் லெஸ்கோ காலத்தில் கத்தோலிக்கத் திருச்சபை ஊர் ஊராகப் போய் வூடூ கோயில்களை இடித்தது. மேளங்கள், சிற்பங்கள், சடங்குப் பாத்திரங்கள், எல்லாவற்றையும் குவித்துக் கொளுத்தினார்கள். எழுத்தாளர் ஜாக் ரூமேன் 1941-இல் இனவியல் கழகம் ஒன்றைத் தொடங்கி, மிஞ்சியதைக் காப்பாற்றப் பார்த்தார். 1942-இல் கொளுத்திவிட்டு, 1944-இல் ‘இந்த ஊரில் கலையே இல்லையே’ என்றால்? பீட்டர்ஸைக் குறை சொல்லவில்லை, அவர் கொளுத்தியவர் அல்ல. ஆனால் அவர் பார்த்த வெறுமை இயற்கையாக வந்த வெறுமை இல்லை.

பழையதாள்:
மணி சார், இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்து நான் யோசித்ததே இல்லை. ஒரு தகவல் சேர்க்கிறேன். அந்த 1935 சட்டம் ஒழிந்தது 1987 அரசியலமைப்பில்தான். வூடூவை மதமாக அரசு ஏற்றது 2003-இல். திருமணமும் ஞானஸ்நானமும் சட்டப்படி செல்லும் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

செவ்வானம்:
இப்பொலித் பற்றி நான் சொல்கிறேன், எனக்குப் பிடித்த ஆள். தலைமுறை தலைமுறையாக வூடூ பூசாரிக் குடும்பம். ஊர் சேன்-மார்க். வீட்டுச் சுவருக்கும் கதவுக்கும் வண்ணம் அடித்துப் பிழைத்தார். மோன்-ரூயி என்ற இடத்தில் சாலையோர மதுக்கடை ஒன்றின் கதவில் அவர் பூவும் பறவையும் வரைந்திருந்தார். அந்த வழியாகப் போன பீட்டர்ஸ் அதைப் பார்த்து நின்றுவிட்டார். பிறகுதான் ஆளைத் தேடிப் பிடித்துத் தலைநகருக்கு அழைத்துவந்தார்கள். அறைகலனுக்கு அடிக்கும் எனாமல் பெயிண்ட், தூரிகைக்குப் பதில் கோழி இறகு, சில நேரம் விரல். படங்களைப் பாருங்கள், இலைகளின் ஓரம் இறகு இழுத்த மாதிரியே இருக்கும். பின்னணி வெறுமையாக விடமாட்டார், ஒரு விரற்கடை இடம் கிடைத்தாலும் பூ வைத்துவிடுவார்.

1945 டிசம்பரில் ஆந்த்ரே பிரெத்தோன் ஹைட்டிக்கு வந்தார், கனவையும் ஆழ்மனதையும் கொண்டாடிய சர்ரியலிச இயக்கத்தின் பிரெஞ்சுத் தலைவர். இப்பொலித்தின் படங்களைப் பார்த்து அங்கேயே சிலவற்றை வாங்கினார். (பிரெத்தோனின் பேச்சைக் கேட்டுச் சூடேறிய மாணவர் பத்திரிகையை லெஸ்கோ தடைசெய்ய, வேலைநிறுத்தம் வெடித்து, 1946 ஜனவரியில் லெஸ்கோ பதவியே போனது. கோயில்களைக் கொளுத்திய அதே லெஸ்கோ.) இப்பொலித் 1948-இல் மாரடைப்பில் இறந்தார். மையத்தோடு இருந்த அந்தச் சில ஆண்டுகளில் மட்டும் இருநூறுக்கு மேல் வரைந்துவிட்டார்.

வழிப்போக்கன்:
எல்லாம் சரி, ஆனால் பீட்டர்ஸைக் கொஞ்சம் அதிகமாகவே இழுத்துப் போடுகிறீர்கள். வரைய அட்டை கொடுத்தார், வண்ணம் கொடுத்தார், படத்தைக் காசு கொடுத்து வாங்கினார், நியூயார்க்கில் விற்க வழி செய்தார். ரிகோ பெனுவா அவரிடம் டிரைவராக இருந்தவர், பெரிய ஓவியராகவே ஆனார். ஒபேன் 1908 முதல் வரைந்தார் சரி, 36 ஆண்டுகள் யார் வாங்கினார்கள்? திறமை ஏற்கெனவே இருந்தது, சந்தை இல்லை. சந்தையைக் கொண்டுவந்தவருக்கு அந்தப் பெருமையையாவது கொடுக்கவேண்டாமா?

செவ்வானம்:
கொடுக்கலாம். ஆனால் அந்தச் சந்தையே தொல்லையும் ஆனது. வெளிநாட்டுக்காரர்கள் கேட்டது ‘படிக்காதவன் வரைந்த கள்ளங்கபடமற்ற படம்’. முறைப்படி பயின்றவர்களும் அதே மையத்தில் இருந்தார்கள். மாக்ஸ் பன்ஷினா, லூசியேன் பிரைஸ், தியெதொன்னே செதோர் போன்றவர்கள். அவர்கள் க்யூபிசம் என்ற ஐரோப்பிய நவீன பாணியின் பக்கமோ அரூபத்தின் பக்கமோ போனால் வாங்க ஆளில்லை. ‘இது பாரிஸைக் காப்பியடித்தது, எங்களுக்கு அசல் ஹைட்டி வேண்டும்’ என்பார்கள். ஹைட்டிக்காரன் எப்படி வரைந்தால் அசல் என்று முடிவுசெய்பவன் ஹைட்டிக்கு வெளியே இருக்கிறான்! 1950-இல் ஒரு கூட்டம் பிரிந்துபோய்ச் சொந்தமாக ஒரு கலைக்கூடம் தொடங்கியது இந்த எரிச்சலில்தான்.

அதற்கு முந்தைய டிசம்பரில்தான் தலைநகரத்தின் 200-ஆம் ஆண்டுக் கண்காட்சி தொடங்கியிருந்தது. கப்பல் கப்பலாகச் சுற்றுலாப் பயணிகள். தெருவோரம் ஒரே சந்தைக் காட்சியைப் பத்துப் பிரதி வரைந்து விற்பது அந்தக் காலத்தில் பரவியதுதான். மொன்றியல்வாசி, உங்கள் மேல்மாடி அம்மாவைச் சொல்லவில்லை.

மொன்றியல்வாசி:
சொன்னாலும் அவ பொருட்படுத்த மாட்டா. தெருவில் வாங்கியதுதான் என்று அவவே சொன்னவ. ‘ஊரை விட்டு வரும்போது பெட்டிக்குள் மடங்கக்கூடியதாக இருந்தது அது மட்டும்தான்’ என்றா.

பழையதாள்:
ஒபேனின் ஒரு படத்தைக் குறிப்பாகப் பேசவேண்டும். அமெரிக்கா 1915 முதல் 1934 வரை ஹைட்டியை ஆக்கிரமித்திருந்தது. அதற்கு முன்னோட்டமாக 1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் தேசிய வங்கிக்குள் போய் 5 லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கத்தை எடுத்து நியூயார்க்குக்கு அனுப்பிவிட்டார்கள். ஆக்கிரமிப்பின்போது விவசாயிகளைக் கட்டாய சாலை வேலைக்குப் பிடித்தார்கள். அதை எதிர்த்து ஷார்ல்மான் பெரால்ட் என்ற முன்னாள் அதிகாரி மலைகளில் கெரில்லாப் படை நடத்தினார். கூட இருந்தவனே காட்டிக்கொடுக்க, முகத்தில் கரி பூசிய அமெரிக்க வீரர்கள் 1919-இல் முகாமுக்குள் புகுந்து சுட்டுக்கொன்றார்கள்.

செத்துவிட்டார் என்று ஊர் நம்பவேண்டுமே! உடலை ஒரு கதவில் கட்டி நிமிர்த்தி, படம் எடுத்து, பிரதி போட்டு நாடெங்கும் பரப்பினார்கள். படத்தைப் பாருங்கள். இடுப்பில் ஒரு துணி, தளர்ந்து சாய்ந்த தலை, தோளுக்கு மேலே நீளும் கொடிக்கம்பு. பயமுறுத்த எடுத்த படம், பார்த்த மக்களுக்குச் சிலுவையில் அறைந்த ஏசுவாகத் தெரிந்தது. வேண்டியதற்கு நேர் எதிராகிவிட்டது. ஒபேன் அதைப் பிற்பாடு ஓவியமாக வரைந்தார். பக்கத்தில் கறுப்பு உடையில் தாயையும் நிறுத்தினார். 1970-இல் வரைந்தது இப்போது அமெரிக்காவின் மில்வாக்கி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுட்டவனுடைய நாட்டில்.

இதை ‘கள்ளங்கபடமற்ற’ ஓவியம் என்று வகைப்படுத்துபவர்கள் படத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்றதே இல்லை என்பது என் கட்சி.

பட்டறைக்காரன்:
இந்தப் பக்கம் நான் அதிகம் எழுதுவதில்லை. எனக்குத் தகடு வேலைதான் தெரியும். ஹைட்டி இரும்புச் சிற்பம் பற்றி யாருமே பேசவில்லையே என்று வந்தேன்.

தலைநகருக்குப் பக்கத்தில் குவா-தெ-பூக்கே என்று ஓர் ஊர். அங்கே ஜார்ஜ் லியோதோ என்ற கொல்லர் கல்லறைகளுக்கு இரும்புச் சிலுவை அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சிலுவையும் ஒவ்வொரு விதம். 1953 வாக்கில் கலை மையத்துக்காரர்கள் அந்தச் சிலுவைகளைக் கல்லறையில் பார்த்துவிட்டு அவரைத் தேடிப் போனார்கள். அவர் வழியில் வந்தவர்கள் ஊரில் நொவாய் பகுதி முழுக்கப் பட்டறை போட்டுவிட்டார்கள். முரா பிரியேர், லூயிஜுஸ்த் சகோதரர்கள், பிறகு செர்ஜ் ஜொலிமோ.

வேலை எப்படி என்று காணொளியில் பார்த்தேன். மூலப்பொருள் 200 லிட்டர் எண்ணெய் டிரம். மேல் மூடியையும் அடி மூடியையும் வெட்டி எடுக்கிறார்கள். உள்ளே வைக்கோலோ காய்ந்த வாழைச் சருகோ திணித்துக் கொளுத்துகிறார்கள். ஒட்டியிருக்கும் எண்ணெயும் பெயிண்டும் எரிந்துபோகும், தகடும் கொஞ்சம் இளகும். அப்புறம் நெடுக வெட்டி, ஆள் மேலே ஏறி மிதித்து விரித்து, சுத்தியலால் தட்டித் தட்டிச் சமமாக்குகிறார்கள். ஏறக்குறைய மூன்றடிக்கு ஆறடி தகடு கிடைக்கும். சாக்கட்டியால் படம் போட்டு, உளியும் சுத்தியலும் வைத்து வெட்டுகிறார்கள். வெல்டிங் இல்லை, கேஸ் கட்டர் இல்லை. வெட்டியதும் பின்பக்கமிருந்து தட்டிப் புடைக்க வைக்கிறார்கள்: மீனுக்குச் செதில், கடல்கன்னிக்குக் கன்னம், மரத்துக்கு நரம்பு. அந்த உளிச்சத்தம் தெரு முழுக்கக் கேட்கிறது.

ஒரே ஒரு தகடு, ஒட்டு கிடையாது. வெட்டிய பிறகு தப்பு என்றால் திருத்த வழியில்லை. நான் தொழில்காரன் கண்ணோடு சொல்கிறேன், வளைவுகளை உளியால் இவ்வளவு சுத்தமாகத் திருப்புவது லேசுப்பட்ட காரியமில்லை.

பாரிஸ்_தமிழன்:
ஒரு கிளைச்செய்தி. 1848-இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்ததும் குவாதலூப், மார்த்தினிக் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியாக நம் ஆட்களைக் கூலிக்கு ஏற்றிப்போனார்கள் அல்லவா? பக்கத்திலேயே இருந்த ஹைட்டிக்குப் போகவில்லை. காரணம், அது அப்போது பிரெஞ்சுக்காரன் கையில் இல்லை, தோட்ட முதலாளியும் இல்லை. ஆனால் நம் துணி போயிருக்கிறது. சான்-தொமேங்க் காலத்துப் பெண்கள் தலையில் கட்டிய கட்டம்போட்ட கைக்குட்டைக்கு ‘மத்ராஸ்’ என்றே பெயர். 18-ஆம் நூற்றாண்டுப் படங்களிலேயே பார்க்கலாம்.

மட்டுறுத்துநர்:
நல்ல செய்தி. குவாதலூப் தமிழர் பற்றித் தனி இழை இருக்கிறது, மேற்கொண்டு அங்கே தொடரவும்.

ஊசிநூல்_அக்கா:
இரும்பு பேசியாயிற்று, துணியும் பேசுங்கள். மிர்லாந்த் கோன்ஸ்தான் என்ற பெண்மணியின் மணிக்கொடிகளைப் பார்த்திருக்கிறீர்களா? நான் ஆரி வேலை செய்பவள், ப்ளவுஸ் ஆர்டர்தான் பிழைப்பு. அவருடைய படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ‘இது நம் வேலை மாதிரி அல்லவா இருக்கிறது’ என்று தோன்றியது. விசாரித்தால் அதேதான்! சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போட்டு மணி கோக்கும் முறை. ஐரோப்பாவுக்கு இது கீழை நாடுகளிலிருந்து போனதாகச் சொல்வார்கள். பிறகு கல்யாணக் கவுன் தைக்கும் தொழிற்சாலைகள் வழியாக ஹைட்டிக்கு வந்தது. கோன்ஸ்தான் இளவயதில் அப்படி ஒரு தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தார். வெளியே வந்து, அந்தக் கையை வூடூ கொடிக்குத் திருப்பிவிட்டார்.

அதற்கு முன் கொடிகளில் பெரும்பாலும் ஜிகினா வட்டு, தெய்வத்துக்கு ஒரு உருவம் அல்லது வேவே. இவர் வந்த பிறகு கண்ணாடி மணி, கூட்டம் கூட்டமாக மனிதர்கள், வீடு, மரம், கல்லறை, 2010 நிலநடுக்கம் என்று ஒரு ஓவியத்தில் இருக்கும் எல்லாமே வந்துவிட்டது. சில கொடிகள் சுவர் அளவு. ஆண்களே பெரும்பாலும் செய்துவந்த வேலையில் ஒரு பெண் இப்படி நுழைந்தது சாதாரணம் இல்லை. 2022-இல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் வைத்தார்கள். நான் கழுத்துப் பகுதி ஒன்று முடிக்கவே கண் பூத்துப்போகிறது.

தூரிகைமணி:
அக்கா, இந்த இழையின் சிறந்த பதிவு உங்களுடையது. தொழிற்சாலையில் கற்றதை வைத்துக் கோயில் கலையை மாற்றியவரை யார் ‘கண்டுபிடித்தார்கள்’ என்று எழுதுவார்கள் பார்க்கலாம்.

நிலநடுக்கம் என்றதும் ஒன்று. போர்ட்-ஓ-பிரான்சின் சேன்த்-திரினித்தே எபிஸ்கோப்பல் பேராலயத்தில் 1950-51-இல் மையத்து ஓவியர்கள் சுவரெல்லாம் வரைந்தார்கள். 14 சுவரோவியங்கள். பைபிள் கதைகள்தான், ஆனால் ஆட்களும் ஊரும் ஹைட்டி. வில்சன் பிகோ வரைந்த கானாவூர்க் கல்யாணம் அசல் ஹைட்டிக் கிராமத்துக் கல்யாணம், மேளம் உட்பட. வூடூ மேளங்களைக் கொளுத்திப் பத்தாண்டு ஆகவில்லை, பேராலயச் சுவரிலேயே மேளம் வந்துவிட்டது. கத்தோலிக்கம் அல்லாத வேறு சபை என்றாலும், அனுமதித்த ஆயருக்குத் துணிச்சல்தான்.

2010 ஜனவரி 12. ஆலயம் இடிந்தது. 14-இல் மூன்று மட்டும் நின்றன: ஒபேனின் கடைசி இராப்போசனம், காஸ்தெரா பஸிலின் ஏசு ஞானஸ்நானம், ப்ரெஃபெத் துஃபோவின் ஊர்வலம். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனமும் ஹைட்டி வல்லுநர்களும் சேர்ந்து அவற்றைச் சுவரிலிருந்து துண்டு துண்டாகப் பெயர்த்துப் பெட்டியில் வைத்தார்கள். கல்யாணம் போய்விட்டது.

வழிப்போக்கன்:
நதேர் குடும்பத்தின் தனியார் அருங்காட்சியகமும் அன்று இடிந்ததே. 12,000 படங்களுக்கு மேல் வைத்திருந்தார்கள், பெரும்பகுதி மண்ணுக்குள் போனது. இப்போது ஆயுதக் கும்பல்களின் காலம். ஓலோஃப்சன் ஹோட்டல், அந்த மரவேலைப்பாட்டு மாளிகை, 2025 ஜூலையில் எரிந்தது. பட்டறைக்காரன் சொன்ன நொவாய்ப் பகுதியிலிருந்து பல கொல்லர்கள் ஓடிவிட்டார்கள், அந்த ஊர் ஒரு கும்பலின் பிடியில்.

அதனால்தான் கேட்கிறேன்: ஹைட்டிக் கலையின் மிகப் பெரிய பொதுச் சேகரிப்புகளில் ஒன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், வாட்டர்லூ என்ற சிறு நகரத்தில் இருக்கிறது. பழையதாள் மில்வாக்கியைப் பற்றிக் கசப்பாக எழுதினார். அந்தப் பெரால்ட் படம் போர்ட்-ஓ-பிரான்சில் இருந்திருந்தால் இன்று இருக்குமா?

பழையதாள்:
இருந்திருக்காமலும் போகலாம். அதை மறுக்கவில்லை. ஆனால் 1825 கப்பல்கள், 1914 தங்கம், 19 ஆண்டு ஆக்கிரமிப்பு இதெல்லாம் நடந்த பிறகு ‘உங்களிடம் இருந்தால் பத்திரமாக இருக்காது’ என்று வாதாட அந்த நாடுகளுக்கு உரிமை உண்டா என்பதுதான் என் கேள்வி. 1825-க்குச் சரியாக 200 ஆண்டு கழித்து, 2025 ஏப்ரல் 17 அன்று, பிரெஞ்சு அதிபர் மக்ரோன் இரு நாட்டு வரலாற்றாசிரியர் குழு அமைப்பதாக அறிவித்தார். பணத்தைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

செவ்வானம்:
வாட்டர்லூவில் படம் இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. காப்-ஆயிசியனில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடப் பையன் ஒபேனின் படத்தை நேரில் பார்க்க அமெரிக்க விசா வாங்கவேண்டும் என்பதில்தான் வருத்தம். விசா கிடைக்காது என்பது வேறு.

நெல்லைக்குமார்:
ஒரு சின்ன நடைமுறைக் கேள்வி. இணையத்தில் ‘ஹைட்டி இரும்புச் சிற்பம்’ என்று நிறைய விற்கிறார்கள். கையால் செய்ததா, மெஷினில் வெட்டிய போலியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பட்டறைக்கார அண்ணன் சொல்வாரா?

பட்டறைக்காரன்:
முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள் தம்பி. பின்பக்கப் படம் கேளுங்கள். கையால் செய்த தகட்டின் பின்னால் சுத்தியல் குழிகள் தெரியும், சில இடத்தில் எரிந்தும் போகாத டிரம் பெயிண்ட் ஒட்டியிருக்கும். ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். லேசரில் வெட்டியது ஒரே நேராக, ஒரே கனத்தில் இருக்கும். உளியில் வெட்டியதில் ஒவ்வொரு உளி அகலத்துக்கும் ஒரு சின்ன முறிவு இருக்கும், அரம் போட்டுத் தேய்த்தாலும் முழுக்கப் போகாது. வளைவான இடத்தில் அந்த முறிவுகள் நெருங்கி வரும். கீழ் மூலையில் செய்தவர் பெயரை உளியாலேயே பொறித்திருப்பார். பெயர் இல்லாமல் நூறு உருப்படி ஒரே அளவில் வைத்திருந்தால் விட்டுவிடுங்கள்.